மூச்சற்ற நீரில் மீனின் மூளை

நீருக்குள்ளேயே வாழும் மீனுக்கு மூச்சு முட்டுமா என்று வினவினால் சிறுபிள்ளையும் நகைக்கும். ஆயினும் அது குளங்களிலும் ஏரிகளிலும் அடிக்கடி நிகழ்வதே. ஒரு லீற்றர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லிலீற்றர் ஒட்சிசன் உண்டு. 15 பாகை சதம வெப்பநிலையிலுள்ள ஒரு லீற்றர் நன்னீரிலோ, காற்றோடு நன்கு கலந்திருந்த போதிலும், ஏறக்குறைய 7 மில்லிலீற்றரே கரைந்திருக்கும். நீர் சூடேறினால் அதுவும் குறையும். இலைதழைகள் அழுகினால், அவற்றை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் எஞ்சியதையும் பயன்படுத்திவிடும். அவ்வேளையில் மீனின் உடலில் முதலில் இடருறும் உறுப்புகளுள் மூளை தலையாயது.

மூளைக்கு இத்துணை விரைவில் கேடு வருவது ஏன்? நரம்புக்கலம் என்பது ஓய்வறியாத தொழிலாளி. தன்னுள்ளே பொற்றாசியத்தை நிறைத்து வைப்பதும், சோடியத்தையும் கல்சியத்தையும் வெளியே நிறுத்துவதும் அதன் இடையறாத வேலை. இவ்வேலைக்கு ஓயாது சத்தி வேண்டும். அச்சத்தியைப் பெற ஒட்சிசன் வேண்டும். மனிதனின் மூளை அவன் எடையில் நூற்றுக்கு 2 பங்கேயாயினும், அவன் உட்கொள்ளும் ஒட்சிசனில் ஏறக்குறைய நூற்றுக்கு 20 பங்கைப் பயன்படுத்துகின்றது.

ஒட்சிசன் அற்றுப்போனால் கலத்தின் சத்தியிருப்புக் குன்றும். பொற்றாசியம் வெளியே ஒழுகும். சோடியம் உள்ளே புகும். குளுத்தாமேற்று என்னும் தூண்டற்பொருள் அளவின்றிச் சுரந்து அயற்கலங்களையும் கிளர்ச்சியுறச் செய்யும். ஈற்றில் கல்சியம் வெள்ளம்போற் பாய்ந்து, கலத்தையே சிதைக்கும் நொதியங்களைத் தட்டியெழுப்பும். மனிதனைத் தாக்கும் பாரிசவாதத்திலும் நரம்புக்கலங்கள் மடியும் வகை பெரிதும் இதுவே. ஆங்கிலேயர் ஆட்சியில் நுவரெலியா மலையோடைகளிலே கொணர்ந்து விடப்பட்ட திரவுட்டு மீனும் இவ்விதியிலிருந்து தப்புவதில்லை. ஒட்சிசன் நிறைந்த குளிர்நீருக்கே பழகிய அதன் மூளை, ஒட்சிசன் நின்றால் நெடுநேரம் தாங்காது.

இதற்கு நேர்மாறான மீன் ஒன்று ஐரோப்பாவின் வடபகுதிக் குளங்களில் வாழ்கின்றது. குரூசியன் கெண்டை என்பது அதன் பெயர். வீடுகளிலே கண்ணாடித் தொட்டியில் வளர்க்கப்படும் பொன்மீனுக்கு அது நெருங்கிய உறவு. மாரியில் அக்குளங்களைப் பனிக்கட்டி மூடும். காற்று உட்புகாது. கட்டியின்மேல் வெண்பனியும் படிந்தால், ஒளியின்றி நீர்த்தாவரங்களும் ஒட்சிசனை ஆக்கமாட்டா. பிற மீன்கள் மடிந்தொழிய, இக்கெண்டை மாதக்கணக்காக ஒட்சிசனின்றி உயிர்தாங்கி நிற்கும்.

அதன் வழி சிக்கனமும் சேமிப்புமாகும். கோடையிலேயே ஈரலில் கிளைக்கோசன் என்னும் மாச்சத்தைப் பெருமளவில் சேர்த்து வைக்கின்றது. ஒட்சிசனின்றி அதனை உடைத்துச் சிறிது சத்தியைப் பெறுகின்றது. அப்போது உண்டாகும் இலத்திக்கமிலம் உடலில் தேங்கினால் நஞ்சாகும். ஆகவே அதனை எதனோல் என்னும் மதுசாரமாக மாற்றிச் செவுள்வழியே நீரில் விட்டுவிடுகின்றது. மூளையிலோ, கிளர்ச்சியைத் தணிக்கும் காபா என்னும் பொருள் மிகுகின்றது. பார்வை போன்ற செலவுமிக்க தொழில்கள் குறைக்கப்படுகின்றன. வரவு சுருங்கியபோது செலவைச் சுருக்கும் குடும்பத்தை இது ஒக்கும்.

எனின், இம்மீன் யாதோர் இழப்புமின்றி மீள்கின்றதா? நெடுங்காலம் விடை காணப்படாதிருந்த இவ்வினாவை நோர்வே நாட்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2017ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கெண்டைகள் 7 நாள் ஒட்சிசனற்ற நீரில் வைக்கப்பட்டன. பின்னர் ஒட்சிசன் மீண்டும் அளிக்கப்பட்டது. ஒட்சிசன் திரும்பிய ஒரு நாளின்பின் பார்த்தபோது, முன்மூளையில் மடியும் கலங்களின் தொகை உயர்ந்திருந்தது. இல்லாமையைத் தாங்கிய மூளைக்கு, இழந்தது மீண்ட வேளையே சோதனையாயிற்று. திடீரெனத் திரும்பும் ஒட்சிசனிலிருந்து தாக்குதிறன் மிக்க வடிவங்கள் தோன்றிக் கலத்தின் உறுப்புகளைச் சிதைக்கக்கூடும் என்பது, மனித மருத்துவத்திலும் நன்கறிந்த உண்மை.

இவ்விழப்பு மீனின் நடத்தையிலும் புலப்பட்டதா என்றும் பார்த்தனர். சிக்கலான வழிகளமைந்த தொட்டியொன்றிலே உணவிருக்கும் இடத்தைக் கண்டடைய மீன்கள் முன்னரே பயிற்றப்பட்டிருந்தன. ஒட்சிசனற்ற நாட்களைக் கடந்து மீண்ட மீன்கள், கற்ற வழியை மறந்துவிட்டன போலவே நடந்துகொண்டன. ஆயினும் மீண்டும் கற்பித்தபோது முன்போலவே கற்றுக்கொண்டன. புதுக்கலங்கள் பிறப்பதைக் காட்டும் அறிகுறியும் அவற்றின் மூளையில் மிகுந்திருந்தது. வளர்ந்த மீனின் மூளையில் வாழ்நாள் முழுவதும் புதிய நரம்புக்கலங்கள் ஏராளமாகப் பிறக்கும். அப்பேறு மனிதனுக்கு அவ்வளவாக வாய்க்கவில்லை.

பாரிசவாதத்தால் தாக்குண்டவரின் மூளைக்குக் குருதியோட்டத்தை விரைவில் மீட்பது இன்றியமையாதது; அதனோடு, மீட்டபின் வரும் சேதத்தைத் தடுப்பதும் மருத்துவர் முன்னுள்ள பெரும்பணி. பனிமூடிய குளத்தின் அடியிற் கிடக்கும் இச்சிறுமீன் அப்பணிக்கு நேரான மருந்து எதையும் தந்துவிடவில்லை. ஆனால் நரம்புக்கலத்தின் சாவு எப்போது தொடங்குகின்றது, எவ்வளவு இழந்தாலும் உயிர் தன்னைத் திரும்பக் கட்டியெழுப்ப இயலும் என்னும் வினாக்களை அது தெளிவாக முன்வைக்கின்றது. இளவேனிலில் பனி உருகும்போது அக்கெண்டை நீந்தியெழுகின்றது. கற்றவற்றுள் சில அதன் நினைவிலிருந்து அகன்றிருக்கலாம். கற்கும் ஆற்றல் மட்டும் அதனிடம் எஞ்சியுள்ளது.