பட்டாளம் விட்ட பின்



பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் போய் வருபவர்கள் அங்குள்ள பழைய படைத்தளத்தை அறிவார்கள். ‘மெட்ராஸ் சாப்பர்ஸ்’ என வழங்கும் சென்னைப் பொறியாளர் படையின் தலைமையிடம் அது. 1780-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய அப்படை 1834-இல் பெங்களூருக்கு வந்தது. பாலம் கட்டுவதும், பாதை போடுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் அதன் பணிகள். அதன் வீரரைத் ‘தம்பி’ என்று அழைப்பது இராணுவ வழக்கம். அந்தத் தம்பி சீருடையைக் களைந்த பின் எத்தொழிலை மேற்கொள்வது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். நம் குடும்பங்கள் பலவற்றில் இக்கேள்வி எழுந்ததுண்டு, இனியும் எழும்.

பதினெட்டு, பத்தொன்பது வயதில் பட்டாளத்தில் சேரும் சிப்பாய், முப்பத்தைந்து, நாற்பதுக்குள் வீடு திரும்புகிறார். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் காலம் அது. ஓய்வூதியம் வரும்; ஆனால் அதைக்கொண்டு மட்டும் வாடகையும் பள்ளிச் சம்பளமும் கட்டி முடியாது. மற்றவர்கள் இருபதில் செய்த தேர்வை இவர் நாற்பதில், குடும்பச் சுமையுடன் செய்ய வேண்டியவராகிறார்.

மத்திய அரசின் அறிவிப்புகளைத் தமிழாக்குவது என் பணி. எங்கள் தெருவில் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த முன்னாள் ஹவில்தார் ஒருவர் குடியிருக்கிறார். பதினேழு ஆண்டுகள் படையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். ஊர் திரும்பிய மறு மாதமே அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்விட்டார். ஒரு நாள் மாலை கையில் இரண்டு காகிதங்களுடன் என் வீட்டிற்கு வந்தார். ஒன்று, அரசு அலுவலகமொன்றில் கடைநிலைப் பணிக்கு வந்த நியமன உத்தரவு. மற்றொன்று, வேறொரு மத்திய அரசுத் துறையில் டெக்னீஷியன் பணிக்கு அவர் முந்திய மாதம் அனுப்பிய விண்ணப்பத்தின் நகல்.

“ஐயா, செக்யூரிட்டி வேலையில் சேர்ந்ததாலேயே முன்னாள் படைவீரர் சலுகை போய்விட்டது என்கிறார்கள். இருக்கிற உத்தரவைப் பிடித்துக்கொண்டு, மற்றதை மறந்துவிடட்டுமா?” என்றார்.

“அவசரப்படாதீர்கள் தம்பி, உட்காருங்கள்” என்றேன்.

அந்த விதியைச் சில ஆண்டுகளுக்கு முன் நானே தமிழாக்கியிருந்தேன். அன்று அது எனக்கு ஒரு வரி மட்டுமே. அன்று மாலைதான் அந்த ஒரு வரியில் ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டு வாழ்வு அடங்கியிருப்பதை உணர்ந்தேன்.

விதி இதுதான். மத்திய அரசின் ‘சி’ பிரிவு நேரடி நியமனங்களில் முன்னாள் படைவீரருக்கு நூற்றுக்குப் பத்து இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் அதே பிரிவில், உடற்குறை எய்திய வீரர், போரில் உயிர்நீத்தோரின் குடும்பத்தார் ஆகியோரின் பங்கையும் சேர்த்து 14.5 விழுக்காடு உண்டு. வயதைக் கணக்கிடும்போது படையில் இருந்த ஆண்டுகளைக் கழித்து, மேலும் மூன்று ஆண்டுகள் சலுகை தருகிறார்கள். ஆனால் இட ஒதுக்கீடு ஒரு முறைக்குத்தான். அரசின் குடிமைப் பணியில் நிரந்தரமாகச் சேர்ந்தவுடன் அந்த உரிமை தீர்ந்துவிடுகிறது. தனியாரிடம் பார்க்கும் காவல் வேலையால் அது தீர்வதில்லை.

இதற்கொரு விலக்கு 2014-இல் தெளிவாக்கப்பட்டது. முதற் பணியில் சேருமுன்பே வேறு பணிகளுக்கு விண்ணப்பித்திருந்தால், அவற்றின் விவரத்தையும் தேதியையும் சேரும்போதே உறுதிமொழியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வாறு கொடுத்தவர் பின்னர் அப்பணிகளிலும் சலுகை பெறலாம். கொடுக்கத் தவறினால் கதவு அடைபட்டுவிடும். ஹவில்தார் அன்றிரவே அந்தத் தாளை எழுதினார்.

விதியை அறிந்தால் வாயில் திறக்கும். எந்த வாயிலில் நுழைவது என்பதை அவரவர்தாம் தீர்மானிக்க வேண்டும். என் கை எதைக் கற்றிருக்கிறது என்பதே முதற் கேள்வியாக இருக்கட்டும். சீருடை என்ற ஒற்றுமையை மட்டும் கண்டு பலர் காவல் வேலைக்குப் போகிறார்கள். பதினேழு ஆண்டுகள் பயின்ற தொழில் துருப்பிடித்துப் போகிறது. படையில் பெற்ற தொழிற்சான்று குடிமைத் தொழில் எதற்கு நிகரானது என்பதை எழுத்தில் பெற்று வையுங்கள். விடுதலைக்கு முன்பே மறுவாழ்வுப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. அவற்றைத் தவற விடாதீர்கள். குடியிருக்கும் மாவட்டத்தின் படைவீரர் நல அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொன்றும் வேண்டும். பெங்களூரில் தொழில் செய்பவருக்குக் கன்னடம் பேசவும் படிக்கவும் வர வேண்டும். எங்கெங்கோ பணியாற்றி இந்தி கற்றவர்க்கு இது அரிதன்று.

பதவிப் பெருமையும் ஒரு தடை. முப்பது பேருக்கு ஆணையிட்டவர், தம்மினும் பத்து வயது இளைய ஃபோர்மனிடம் வேலை கேட்டு நிற்க வேண்டி வரலாம். இதை முன்கூட்டியே மனத்தில் இருத்திக்கொண்டால் வருத்தம் குறையும்.

சொந்தத் தொழில் தொடங்க விரும்புவோர் கேப்டன் கோபிநாத்தை உதாரணம் காட்டுவார்கள். ஹாசன் மாவட்டத்துக் கோரூரைச் சேர்ந்த அவர், 1971 போரில் பங்கு கொண்டவர். முப்பது வயதாகுமுன்பே படையை விட்டார். 2003-இல் ஏர் டெக்கான் விமானங்களைப் பறக்கச் செய்தார். ஆனால் இவ்விரண்டிற்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்ததையும், நிலத்தில் இறங்கிப் பட்டு வளர்த்ததையும் மறந்துவிடுகிறோம். கைக்கு வந்த மொத்தத் தொகையை முதல் ஆண்டிலேயே கடையில் போடுவோர் அந்த இடைக்காலத்தை எண்ணிப் பார்ப்பது நல்லது.

2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் சேர்வோரில் நால்வரில் ஒருவர் வரைதான் நிலையாகத் தங்க இயலும். ஏனையோர் நான்கு ஆண்டுகளில், ஓய்வூதியமின்றி, இருபதுகளிலேயே வெளிவருவர். அவர்கள் சேரும் நாளிலேயே திரும்பும் நாளையும் எண்ணத் தொடங்க வேண்டும்.

எங்கள் தெரு ஹவில்தார் கடைநிலைப் பணியில் ஓராண்டு இருந்தார். பிறகு டெக்னீஷியன் தேர்வில் வென்றார். அந்த உறுதிமொழித் தாளின் நகலை இன்றும் தம் விடுதலைச் சான்றுடன் சேர்த்தே வைத்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் ஒரு தம்பி திரும்பி வருவாரானால், முதல் உத்தரவில் கையெழுத்திடுமுன் அந்தத் தாளை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.