நாள் தவறாப் பயிற்சி



ஒரு கலையைத் தொடங்குவோர் பலர், தொடர்வோர் சிலர், இறுதிவரை நிற்போர் மிகச் சிலர். பரிசும் பாராட்டும் மட்டுமே ஒருவனைப் பயிற்சிக்கு இழுக்குமாயின், அவை நின்ற அன்றே பயிற்சியும் நின்றுவிடும். அவை நின்ற பின்னும் நில்லாத பயிற்சிக்கு வேர் எது? விடை சொல்லும் வாழ்வு ஒன்றுண்டு.

1876இல் காத்தலோனிய நாட்டு வெந்திரேல் என்னும் சிற்றூரில் பிறந்தவர் பாப்லோ காசல்சு. செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியே அவர்தம் உயிர். 1890இல், 13ஆம் அகவையில், பார்சலோனாத் துறைமுகத்தருகே பழைய இசைச்சுவடிக் கடையொன்றில் பாக் இயற்றிய ஆறு செல்லோத் தொகுப்புகளைக் கண்டெடுத்தார். வெறும் விரற்பயிற்சிக்கானவை எனப் பலரும் ஒதுக்கியிருந்தவை அவை. சிறுவரோ நாள்தோறும் அவற்றைப் பயின்றார். 12 ஆண்டுகள் பயின்ற பின்னரே அவற்றுள் ஒன்றை மேடையேற்றத் துணிந்தார். ஆறனையும் ஒலித்தட்டில் பதிந்ததோ 1936 முதல் 1939 வரை. அகவை அறுபதை ஒட்டிய காலம்!

அவருக்கும் சலிப்பு இருந்ததா? இருந்தது! 1901இல் அமெரிக்காவில் தமால்பைசு மலையேறுகையில், உருண்டு வந்த பாறை அவர்தம் இடக்கையை நசுக்கியது. இனிச் செல்லோ இசைக்க வேண்டியதில்லை என்னும் ஆறுதலே அப்போது முதற்கண் எழுந்ததாகப் பின்னாளில் அவரே ஒளியாது உரைத்தார். கலைக்குத் தன்னைக் கொடுத்தவன் சுமக்கும் சுமை அத்தகையது. ஆயினும், கை தேறியதும் மீண்டும் நரம்பையே தொட்டார். சலிப்பு தோன்றுவது குற்றமன்று. அதனிடம் தோற்பதே குற்றம்.

1939இல் பிராங்கோவின் கொடுங்கோன்மை வென்றது. காத்தலான் மொழி பொதுவாழ்வினின்று விரட்டப்பட்டது. காசல்சு பிரான்சின் எல்லைப்புறச் சிற்றூரான பிராதாவில் வாழ்ந்தார். போர் முடிந்த பின்னும் உலக அரசுகள் பிராங்கோவை விட்டுவைத்தமை கண்டு, 1945 முதல் பெருநகர் மேடைகளைத் துறந்தார். பொருளும் கைத்தட்டலும் போயின. பயிற்சி போயிற்றா? இல்லை! எண்பது ஆண்டுக்காலமாக ஒவ்வொரு நாளையும் பியானோவில் பாக்கின் இசையோடு தொடங்குவதே அவர் வழக்கம். அதனைத் தம் இல்லத்திற்கு வழங்கும் வாழ்த்தென்றே அவர் கருதினார்.

வேர் இங்கே புலப்படுகிறது. கூலிக்கு உழைப்பவன் கூலியை எண்ணுவான். காதலித்துப் பயில்பவனுக்குப் பயிற்சியே ஊதியம். ஊக்கம் வரட்டும் என்று காசல்சு காத்திருக்கவில்லை. விடியல் வந்தது, விரல் எழுந்தது, ஊக்கம் பின்தொடர்ந்தது.

1971இல், 94 அகவை நிரம்பியவராய், ஒன்றிய நாடுகள் மன்றத்தில் தாம் காத்தலோனியர் என்று முழங்கி, தம் மண்ணின் பறவைப் பாட்டைச் செல்லோவில் இசைத்தார். தளர்ந்த விரல்கள் அன்று பேசியது, நாள் தவறாது அவை பயின்றிருந்தமையால் அன்றோ? 1973இல் அயல்மண்ணில் மறைந்த அவர்தம் உடல், பிராங்கோ மறைந்தபின், 1979இல் வெந்திரேலுக்கு மீண்டது.

இளைஞர்களே! யாழோ, எழுத்தோ, சிலம்பமோ, கைக்கொண்ட கலை எதுவாயினும், நாளைக்கென்று ஒத்திவையாதீர். இன்றைய சிறுபொழுதை இன்றே கொடுங்கள். கேட்பார் இல்லாத அறையிலும் தொடர்வதே பயிற்சி!