தேய்ந்த இயந்திரமும் தேயாத பொறுமையும்

(தோட்ட மண்டபத்தில் ஆற்றிய உரை)



பழைய வண்டி ஒன்றின் இயந்திரத்தை நாங்கள் நால்வர் பிரித்துப் புதுப்பித்த வரலாற்றை உங்கள்முன் வைக்க வந்துள்ளோம். பெருமை பேசுவது எங்கள் நோக்கமன்று. எங்கே தவறினோம் என்பதையும் மறைக்காமல் கூறுவோம். அதுவே உங்களுக்குப் பயன்படும்.

கூரையும் கதவுமின்றி, அகன்ற சக்கரங்களோடு மணலிலும் சேற்றிலும் ஓடும் வண்டியைப் 'பக்கி' என்பர். 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் கண்ணாடியிழையால் உடலமைத்து, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் இயந்திரத்தைப் பொருத்தி, இவ்வகை வண்டிக்குப் புகழ் தேடித் தந்தார். 1967இல் அவரும் அவர் நண்பரும் மெக்சிகோவின் பாலைநிலத்தில் லா பாஸிலிருந்து திஜுவானா வரை 34 மணி 45 நிமிடத்தில் ஓட்டிச் சாதனை படைத்தனர். அந்த இயந்திரத்தைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம், காற்றே போதும். அமைப்பும் எளியது.

நாங்கள் வாங்கியதும் அத்தகைய வண்டியே. நால்வரின் சேமிப்பையும் திரட்டிப் பட்டணத்தில் ஒருவரிடம் வாங்கினோம். இயந்திரம் நல்ல நிலையில் இருப்பதாக அவர் சொன்னார், நாங்களும் நம்பினோம். ஒரு வாரத்திற்குள் பின்புறம் நீலப்புகை எழுந்தது. உள்ளிருந்து சுத்தியல் தட்டுவது போன்ற ஓசையும் கேட்டது.

அப்போது ஒருவர் எங்களுக்கு வழி சொன்னார். "கெட்டியான எண்ணெயை ஊற்றுங்கள், தம்பி. ஓசை அடங்கும். அடங்கியிருக்கும்போதே வேறொருவர் தலையில் கட்டிவிடுங்கள்" என்றார். உண்மையைச் சொன்னால், எங்களுள் இருவருக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கென வைத்திருந்த பணமும் அதில் முடங்கியிருந்தது. அன்றிரவு நெடுநேரம் வாதிட்டோம். வாங்கப்போகிறவனும் நம்மைப்போல் சம்பளத்தில் மிச்சம் பிடித்தவனாகத்தானே இருப்பான் என்று எங்களுள் மூத்தவர் கேட்டார். அக்கேள்விக்கு எவரிடமும் விடையில்லை. மறுநாள் காலை இயந்திரத்தைச் சோதிக்கத் தொடங்கினோம்.

பிரிப்பதற்கு முன் நோயறிய வேண்டும். நான்கு சிலிண்டர்களிலும் அழுத்தமானியை வைத்து அளந்தோம். நான்கிலுமே அழுத்தம் குறைவு. ஒவ்வொன்றிலும் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தோம். மூன்றில் அழுத்தம் உயர்ந்தது. ஆகவே அங்கே பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தன. மூன்றாம் எண் சிலிண்டரில் மட்டும் உயரவில்லை. ஆகவே அங்கே வால்வும் பழுது என்றறிந்தோம். பழைய பீட்டில் இயந்திரத்தில் எண்ணெய் குளிர்விப்பான் அந்தச் சிலிண்டருக்குச் செல்லும் காற்றை மறைத்து நிற்கும். அதனால் அதற்கே சூடு மிகுதி.

அடுத்து, கிராங்க் தண்டின் முன்பின் அசைவைப் பார்த்தோம். அது 0.15 மில்லிமீட்டரைத் தாண்டலாகாது. எங்கள் வண்டியிலோ அந்த அசைவு கண்ணுக்கே தெரிந்தது.

இத்தனை தேய்மானத்திற்குக் காரணம் என்ன? காற்று வடிகட்டியின் குழாய் கிழிந்திருந்தது; அவ்வளவுதான். செம்மண் தூசி உள்ளே புகுந்து எண்ணெயோடு கலந்து, உலோகத்தை அராவும் குழம்பாகிவிட்டது. தோழர்களே, பாலைச் சல்லடையில் வடிகட்டாமல் தொட்டியில் ஊற்றுவோமா? காற்றும் அப்படித்தான்.

பிரித்த உறுப்புகளை வெறும் பால் டின்களில் எண்ணிட்டு வைத்தோம். பிஸ்டன்களையும் சிலிண்டர்களையும் புதிதாக வாங்கினோம். கிராங்க் தண்டைச் சாணை பிடிக்கவும், பேரிங் அமரும் துளைகளை நேராகக் கடையவும், வால்வுகளைச் சீர்செய்யவும் பட்டறையில் கொடுத்தோம். கையால் ஆகாத வேலையைக் கையால் செய்ய முயல்வது சிக்கனமன்று.

இனி எங்கள் தவறு. கிராங்க் தண்டை வைத்து, இயந்திர உறையின் இரு பாதிகளையும் சேர்த்து முடுக்கினோம். முடுக்கியபின் தண்டைச் சுழற்றினால் இறுகி நின்றது. "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்றான் எங்களுள் இளையவன். அனைவருக்கும் களைப்பு, மழை வேறு பிடித்துக்கொண்டது. ஆயினும் மறுபடியும் கழற்றினோம். பேரிங் ஒன்று அதனைப் பிடித்து நிறுத்தும் சிறு ஆணியின்மீது சரியாக அமராமல் நசுங்கிக் கிடந்தது. அப்படியே ஓட்டியிருந்தால் சாணை பிடித்த தண்டும் கெட்டு, போட்ட பணம் முழுதும் பாழாகியிருக்கும். புதிய பேரிங் வாங்கி, இம்முறை ஒவ்வொரு மரையை முடுக்கியதும் தண்டைக் கையால் சுழற்றிப் பார்த்தோம்.

இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியை 0.15 மில்லிமீட்டராக வைத்து, இரண்டரை லிட்டர் எண்ணெய் ஊற்றினோம். தீப்பொறிச் செருகிகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை இயந்திரத்தைச் சுழற்றினோம். பிறகு செருகிகளைப் பூட்டிச் சாவியைத் திருகினோம். இரண்டாம் முயற்சியில் இயந்திரம் உயிர்பெற்றது. புகையில்லை, தட்டும் ஓசையுமில்லை. 'ஓடச் சரியாகும்' என்ற இளையவன்தான் முதலில் கண்கலங்கினான்.

இந்த இயந்திரத்தில் எண்ணெயை வடிகட்டக் கம்பிவலை மட்டுமே உண்டு. ஆகவே 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுதல் வேண்டும்; தூசி மிகுந்த இடத்தில் அதற்கும் முன்பே மாற்றுவது நலம். பதிவும், சாலை வரியும், காப்புறுதியும் இல்லாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவது குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நாங்கள் எங்கள் வண்டியை அனுமதி பெற்ற நிலத்தில் மட்டுமே ஓட்டுகிறோம்.

இளைஞர்களே, இவ்வேலை நமக்கு எட்டாதது என்று எண்ணாதீர்கள். பால்மரத்தில் உளி சற்று ஆழப் பாய்ந்தால் மரம் புண்படும். மேலோடு சென்றால் பால் குறையும். மில்லிமீட்டர் கணக்கில் பட்டை சீவும் கை நம் பெற்றோரின் கை. அளவறிந்த அக்கைக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தால் இயந்திரமும் வசப்படும். விருப்பமுள்ளோர் அரசாங்கத் தொழிற்பயிற்சி நிலையங்களில் சேர்ந்து மலேசியத் திறன் சான்றிதழ் பெற முயலலாம். எங்கள் இளையவன் இப்போது அதற்குத்தான் விண்ணப்பித்திருக்கிறான்.

வண்டியை விற்றிருந்தால் போட்ட பணம் திரும்பியிருக்கும். திருத்தியதால் தொழிலும் நிம்மதியும் கிடைத்தன.