கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே ஓர் எரிமலை

எரிமலை என்றதும் ஜப்பானின் ஃபூஜியும் சகுராஜிமாவும்தான் நினைவுக்கு வரும். 1914இல் சகுராஜிமா கக்கிய குழம்பு கடலையே தூர்த்து, தீவாக இருந்த மலையைக் கரையோடு சேர்த்துவிட்டது. அது கிடக்கட்டும். நம் கேளம்பாக்கம் உப்பளங்களைத் தாண்டிக் கோவளம் கரைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். கொஞ்சம் தெற்கே சாய்ந்தாற்போல், 1,500 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் அந்தமானின் பாரன் தீவு. இந்தியாவில் இன்னும் கனன்றுகொண்டிருக்கும் ஒரே எரிமலை.

ஜப்பானில் நடப்பதேதான் அங்கும். இந்தியத் தட்டு அந்தமானுக்கு அடியில் செருகி இறங்குகிறது. கூடவே போகும் நீர் ஆழத்துப் பாறையை இளக்குகிறது. இளகியது மேலேறி வருகிறது.

எனக்குப் பிடித்தது அதன் உடைந்த மதில். பழைய மலை என்றோ உள்வாங்கிச் சரிந்ததில் இரண்டு கிலோமீட்டர் அகலப் பள்ளம். நடுவே புதிதாய் ஒரு கூம்பு. மேற்கே மதில் பிளந்திருப்பதால் கப்பலில் நின்றபடியே மலையின் வயிற்றுக்குள் பார்க்கலாம். ஃபூஜியில் இந்தச் சலுகை கிடையாது! வெளியே தெரிவது 354 மீட்டர். கடலுக்குள் மறைந்திருப்பது 2,000 மீட்டருக்கு மேல்.

கல்லூரியில் பாடம் நடத்திய நாளில் அந்தத் தீவுக் கல்லொன்றை மாணவர் கையில் கொடுப்பேன். கன்னங்கரேலென்று, ஓட்டை ஓட்டையாய், இடையிடையே நொய்யரிசி போல வெள்ளைப் படிகங்கள். குழம்பு வெளியே வருமுன்பே உறைந்தவை அவை. மாமல்லபுரத்துச் சிற்பி வீட்டுப் பையன் நகத்தால் சுரண்டிவிட்டு, "இதுல உளி நிக்காது சார், உதிர்ந்துடும்" என்றான். அப்புறம் மணியடிக்கும்வரை அவனூர்க் கல்லைப் பற்றித்தான் பேச்சு. பல்லாவரம் பக்கத்தில் கிடைக்கும் அதே சார்னோகைட் பாறை, சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து இறுகியது. தட்டின் விளிம்போ அந்தமான் பக்கம். ஆகவே நம் கரையில் எரிமலை முளைக்குமோ என்று கடிதம் எழுதும் நேயர்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

வரலாற்றை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1787இல் முதல் பதிவு. 1789இல் அளவையாளர் ஆர்ச்சிபால்ட் பிளேர் நேரில் கண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடங்கிய மலை 1991இல் விழித்தது. குழம்பு கடல்வரை இறங்கியது. பிறகு 1994, 2005. 2017 ஜனவரி 23 அன்று கோவா தேசியக் கடலியல் நிறுவனத்தார் அருகே கடலடி மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று சாம்பல்! ஒரு மைல் விலகிப்போய் நின்று பார்த்தார்கள். பகலெல்லாம் வெறும் சாம்பல்தான். பொழுது சாய்ந்ததும்தான் செந்தழல் பீறிடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

நேரமாகிவிட்டது, எதிரே கையைக் காட்டுகிறார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது ஒருநாள் அந்தப் பக்கம் கப்பலில் போகட்டும். மேற்கிலிருந்து பார்க்கட்டும், அங்கேதான் பிளவு. திரும்பி வந்து, நான் விட்டதையெல்லாம் இதே ஒலிவாங்கி முன் உட்கார்ந்து சொல்லட்டும்.