பொத்தானையும் அறுத்துவிட்டுப் போன இருவர்



1892-ஆம் ஆண்டு கோடைக்காலம். சீனப் பேரரசின் மேற்கு ஓரத்தில் குல்ஜா என்று ஓர் ஊர். இன்று அதை யினிங் என்கிறார்கள். அந்த ஊரில் இரண்டு அமெரிக்க இளைஞர்கள் தங்கள் சைக்கிள்களின் ஹேண்டில் பாரை வெட்டிக் குட்டையாக்கினார்கள். நல்ல ஹேண்டில் பார்தான். உடைசல் இல்லை, கோணல் இல்லை. சீட்டைத் தாங்கும் குழாயையும் விடவில்லை, அதிலும் ஒரு துண்டை எடுத்தார்கள். எல்லாம் எடை குறைக்கத்தான். அங்கிருந்து பீக்கிங் நகரம் 3,000 மைலுக்கும் மேலே. நடுவில் கோபி பாலைவனம்.

முப்பது வருடம் சைக்கிள் கடையில் கோட்டம் எடுத்தவன் நான். இந்தப் பயணத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து என் மனம் திரும்பத் திரும்ப அந்தக் குல்ஜா ஊருக்கே போகிறது. பாலைவனத்தைக் கடந்ததும் மலை ஏறியதும் பெரிய காரியங்கள். ஆனால் புறப்படுவதற்கு முன் சாமான்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, எது வேண்டும், எது வேண்டாம் என்று இருவரும் பேசி முடித்த அந்த நாட்களை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஒருவர் தாமஸ் ஆலன், மற்றவர் வில்லியம் சாக்ட்லெபன். செயின்ட் லூயிஸ் நகரத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து படித்தவர்கள். பட்டம் வாங்கிய மறுநாளே நியூயார்க்குக்கு ரயில் ஏறினார்கள். 1890 ஜூன் 23 அன்று இங்கிலாந்துக்குக் கப்பல். லிவர்பூலில் சைக்கிள் பயணம் தொடங்கியது. சாதனை படைக்கும் நோக்கம் தங்களுக்கு இருக்கவில்லை என்று பின்னால் அவர்களே எழுதினார்கள். ஊர்களையும் மனிதர்களையும் கிட்டத்தில் பார்க்க வேண்டும், அதுதான் எண்ணம். பிரான்ஸ், இத்தாலி வழியாகப் போய் ஏதென்ஸில் ஒரு குளிர்காலம் தங்கினார்கள். 1891 ஏப்ரலில் பாஸ்பரஸ் நீரிணையைக் கடந்து ஆசியாவுக்குள் நுழைந்தார்கள். ஜூலை 4, அமெரிக்க விடுதலை நாளன்று அராரத் மலையின் உச்சியில் நின்று கொடி விரித்தார்கள். பிறகு பாரசீகம், தாஷ்கண்டில் இன்னொரு குளிர்காலம். அதற்குப் பிறகுதான் சீன எல்லை.

அன்றைய சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் தட்டு அளவு என்று இருந்ததே, அந்தப் பழைய வண்டி அப்போதுதான் வழக்கொழிந்துகொண்டிருந்தது. அதில் ஏறி உலகம் சுற்றியவரும் உண்டு. தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884-இல் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி 1886-இல் யோகோஹாமாவில் முடித்தார். நடுவில் ஆப்கானிஸ்தானில் வழி மறிக்கப்பட்டு, அன்றைய இந்தியாவுக்கு வந்து லாகூரிலிருந்து கல்கத்தா வரை ஓட்டினார். நம் நண்பர்கள் ஓட்டியது புதிய வகை வண்டி. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவு, பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும். 1885-இல் ஸ்டார்லி இங்கிலாந்தில் கொண்டுவந்த ரோவர் வண்டியின் வம்சம். இன்று உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் சைக்கிளுக்கும் அதுவே பாட்டன். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. ஃப்ரீவீல் அப்போது பரவவில்லை. சக்கரம் உருண்டால் பெடலும் கூடவே சுற்றும். இறக்கத்தில் ‘சும்மா’ உட்கார்ந்து வர வழியில்லை. காலைத் தூக்கிவிட வேண்டும், இல்லையென்றால் பெடலோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இனி குல்ஜாவுக்கு வருவோம்.

பணமே அவர்களுக்குப் பாரமாக வந்தது. சீனத்தில் அன்றாடச் செலவுக்குப் புழங்கியது நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்புக் காசு. கயிற்றில் கோத்துச் சரம் சரமாகத் தூக்கிப் போவார்கள். பெரிய தொகைக்கு வெள்ளிக்கட்டி. அதைத் தராசில் நிறுத்து வாங்க வேண்டும். அவர்கள் எழுதிய புத்தகத்தில் ஒரு புகைப்படம் இருக்கிறது. சாக்ட்லெபனும் ஒரு ரஷ்ய நண்பரும் காசுச் சரங்களைச் சுமந்தபடி நிற்கிறார்கள். அத்தனை காசும் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? குல்ஜா உணவு விடுதியில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு. யோசித்துப் பாருங்கள் நேயர்களே, ஒரு வேளைச் சோற்றுக்கே அவ்வளவு எடை என்றால், நாலு மாதச் செலவைச் சைக்கிளில் எப்படிக் கட்டுவது?

ஆகவே மற்ற எல்லாவற்றையும் கழித்தார்கள். ஃபிரேமின் முக்கோணத்துக்குள் அளவாகப் பொருந்தும் தோல் பைகளை அவர்களே வடிவமைத்து, இங்கிலாந்தில் காப்புரிமையும் வாங்கியிருந்தார்கள். தொழில் தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாரம் வைக்க அதைவிட நல்ல இடம் சைக்கிளில் கிடையாது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில், தாழ்வாக, வண்டியின் நிலை கெடாமல் உட்காரும். தாங்களே கண்டுபிடித்த அந்தப் பைகளையும் கழற்றிப் போட்டார்கள். அந்த இடத்தில் கம்பளிச் சால்வையையும் சீனத்து எண்ணெய்த் துணியையும் சேர்த்துத் தைத்த படுக்கைப் பைகள் வந்தன. பையே படுக்கை, படுக்கையே மழைக்குப் போர்வை.

அப்புறம் உடை. அவசியமில்லாத பொத்தான்களை அறுத்தார்கள், உடுப்பில் மிகையாக இருந்த பகுதிகளை வெட்டினார்கள். தலையையும் முகத்தையும் மழித்துக்கொண்டார்கள்.

பொத்தான் என்ன எடை இருக்கும் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. எனக்கு என் முதலாளி ஞாபகம் வருகிறது. நாங்கள் அவரை அண்ணாச்சி என்போம். ஒருமுறை கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் கன்னியாகுமரி வரை சைக்கிளில் போகிறோம் என்று ஓவராயில் பண்ண வண்டியைக் கொண்டுவந்தார்கள். கேரியரில் மண்ணெண்ணெய் ஸ்டவ், இரண்டு தலையணை, ஒரு டிரான்சிஸ்டர், ஆளுக்கு ஆறு சட்டை. அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு சாமானாக எடுத்து அந்தப் பையன்களின் நீட்டிய கையில் வைத்தார். “பத்து நிமிஷம் இப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க தம்பி” என்றார். மூன்றாவது நிமிடத்தில் ஸ்டவ் இறங்கியது. ஐந்தாவது நிமிடத்தில் தலையணை. கடைசியில் ஆளுக்கு இரண்டு சட்டையும் பஞ்சர் சாமானும் மட்டும் கேரியரில் ஏறின. போய்வந்த பிறகு அண்ணாச்சிக்கு ஒரு சங்கு வாங்கி வந்து கொடுத்தார்கள். அந்தச் சங்கு கடை கல்லாப்பெட்டி மேல் ரொம்ப நாள் இருந்தது. எடையைக் கண்ணால் பார்த்தால் தெரியாது. கை வலிக்கும்போதுதான் தெரியும். தாஷ்கண்ட் வரை மிதித்துவந்த அந்த இருவரின் காலுக்கும் அது நன்றாகத் தெரிந்திருந்தது.

கேமராவிலும் கழித்தார்கள். சுருள் ஃபிலிம் போட்டு எடுக்கும் கோடாக் கேமரா 1888-இல்தான் கடைக்கு வந்தது. கண்ணாடித் தட்டுகளைப் பெட்டி பெட்டியாகச் சுமக்காமல் படம் எடுக்க முடியும் என்பதே அப்போது புதுமை. கேமராக்களை முதுகில் மாட்டிக்கொண்டே ஓட்டினார்கள். ஃபிலிம் மாற்ற இருட்டறை வேண்டுமே? இரவில் போர்வைக்கு அடியில் கையை விட்டு, தடவித் தடவியே மாற்றினார்கள். அப்படிப் பாதுகாத்த கேமராக்களில் ஒன்றைச் சுய்டுன் என்ற ஊரில் ஒரு சீனப் புகைப்படக்காரருக்கு விற்றார்கள். அந்த இடத்தில் உணவுப் பை ஏறியது. மீதி ஃபிலிமையும் உபரிச் சாமானையும் தபாலில் போட்டார்கள். சைபீரியா வழியாக, கியாக்தா எல்லையைத் தாண்டி, பீக்கிங்கில் தங்களுக்காகக் காத்திருக்கும்படி! சாமான் ஒரு வழி, ஆள் ஒரு வழி. போய்ச் சேருவோம் என்ற நம்பிக்கை இல்லாதவர்கள் அந்த முகவரியை எழுதியிருக்க மாட்டார்கள்.

அவர்கள் சுமக்காத இன்னொன்று, வழிகாட்டி. மூன்றாண்டுப் பயணத்தில் வழிகாட்டியோ மொழிபெயர்ப்பாளரோ வைத்துக்கொள்ளவே இல்லை. போன நாடெல்லாம் அந்தந்த மொழியில் கொஞ்சம் கற்றார்கள். அது கஷ்டத்தைக் கூட்டியது, ஆனால் மக்களோடு நெருங்கிப் பழக வைத்தது என்பது அவர்கள் கணக்கு. எங்கள் கடைக்கு ஒருநாள் வடநாட்டு இளைஞர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, என் பேச்சு அவருக்குப் புரியவில்லை. டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினேன். குமிழி வந்த இடத்தில் அவர் விரலை வைத்தார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு டீயோடு பிரிந்தோம்.

சீனத்து ஊர்களில் அந்தச் சிரிப்புக்குக் குறைவே இருந்திருக்காது. வண்டி வந்த செய்தி முன்னே ஓடும், ஊரே திரளும். ஓட்டிக் காட்டுங்கள் என்று கூட்டம் கேட்கும், அதிகாரிகளும் கேட்பார்கள். மிதித்துக் களைத்து வந்த கால்களால் மறுபடி ஊர் பார்க்க ஒரு சுற்று. இரவில் சத்திரத்துக்குள் போய்க் கதவைச் சாத்தினாலும் விடவில்லை. அங்கே ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, காகிதம் ஒட்டியிருக்கும். விரலை நனைத்து அந்தக் காகிதத்தில் சத்தமில்லாமல் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு கண்ணாக வைத்துப் பார்த்தார்கள். குதிரை இல்லை, மாடு இல்லை, ஆனாலும் வண்டி ஓடுகிறது. சீன மொழியில் இன்றும் சைக்கிளுக்குப் பெயர் ‘தானே செல்லும் வண்டி’ என்ற பொருள் தரும் சொல்தான். வாடகைச் சைக்கிள் எடுத்துக் குரங்கு பெடல் போட்டுக் கற்ற நேயர்களுக்கு, அது தானே செல்லாது என்று தெரியும்!

நேரம் ஓடுகிறது, நானும் கொஞ்சம் மிதிக்கிறேன். ஹாமி என்ற ஊரைத் தாண்டிக் கோபியின் மணலும் கல்லும். அதைக் கடந்ததும் ஜியாயுகுவான், சீனப் பெருஞ்சுவரின் மேற்குக் கோடியில் உள்ள கோட்டை வாசல். அதற்கு அருகில் சு-சோவில், அன்று சீன அரசின் சுங்க அதிகாரியாக இருந்த பெல்ஜியக்காரர் பவுல் ஸ்ப்ளிங்கர்டைச் சந்தித்தார்கள். பிறகு லான்சோ, மஞ்சள் ஆற்றங்கரை. நவம்பர் 3 அன்று பீக்கிங். அடுத்து தியான்ஜினில் லீ ஹுங்-சாங்கைப் பார்த்தார்கள். சீன அரசில் அன்று அவரைவிடச் செல்வாக்கானவர்கள் குறைவு. இதுவரை பார்த்ததில் எந்த நாடு சிறந்தது என்று கேட்டார். அமெரிக்கா என்றார்கள். அப்படியானால் மற்ற நாடுகளைப் பார்க்க ஏன் புறப்பட்டீர்கள் என்று மடக்கினார் அந்தப் பெரியவர். மற்றவற்றைப் பார்த்தால்தானே அது தெரியும் என்பது இவர்கள் பதில்.

ஷாங்காய், ஜப்பான், கிறிஸ்துமஸ் இரவில் சான் பிரான்சிஸ்கோ. மறுபடி சைக்கிள் ஏறி, தென் மாநிலங்கள் வழியாக 1893 ஜூனில் நியூயார்க். சக்கரத்தின் மேல் கடந்தது மொத்தம் 15,044 மைல். மறு ஆண்டு புத்தகம் வந்தது. அதில் பெரும்பாலும் ‘நாங்கள்’தான். யார் முன்னால் போனார், யார் தண்ணீர் தேடினார் என்று பிரித்துக் காட்டும் ஆசை இருவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. புத்தகத்தின் ஆங்கிலத் தலைப்பைப் பாருங்கள், ‘ஒரு சைக்கிளில் ஆசியாவைக் கடந்து’ என்று பொருள். போனது இரண்டு சைக்கிள், தலைப்பில் ஒன்றே ஒன்று.

சாக்ட்லெபன் இன்னொரு தரம் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. பிட்ஸ்பர்க் நகரத்து பிராங்க் லென்ஸ் 1892-இல் தனியாக உலகம் சுற்றப் புறப்பட்டார். சீனம், பர்மா, இந்தியா, பாரசீகம் எல்லாம் கடந்தவர், 1894 மே மாதம் துருக்கியில் எர்ஸூரூம் நகரத்துக்குக் கிட்டே காணாமல் போனார். லென்ஸை அனுப்பிய பத்திரிகை, தேடிப்போகச் சாக்ட்லெபனைக் கேட்டுக்கொண்டது. 1895-இல் போனார். லென்ஸ் கொல்லப்பட்டார் என்பதை விசாரித்து அறிந்தார், உடல் கிடைக்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் எர்ஸூரூமில் ஆர்மீனியர்கள் படுகொலை செய்யப்பட்டபோது அங்கேயே இருந்தார். கண்டதை எழுதி லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்கு அனுப்பினார், படமும் எடுத்தார். போர்வைக்கு அடியில் ஃபிலிம் மாற்றப் பழகிய அதே கைகள்.

இருவரும் அந்த மூன்றாண்டில் எடுத்த படங்கள் 2,500-க்கு மேல். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் நூலகத்தில் இன்று இருப்பவை ஏறக்குறைய 400 நெகட்டிவ்கள். ஹேண்டில் பாரை அறுத்தவர்கள், பொத்தானை அறுத்தவர்கள், ஒரு கேமராவைக் கையில் வைத்துக்கொண்டார்களே, அதற்கு அந்த 400 படங்கள் சாட்சி. மீதிப் படங்களும் எங்காவது ஒரு பரணில், ஒரு தகரப் பெட்டியில், ஈரம் படாமல் இருக்க வேண்டும். யாராவது அதைத் திறந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். குல்ஜாவில் சைக்கிளுக்குப் பக்கத்தில் பரப்பி வைத்த சாமான்களும் அவற்றில் ஒன்றில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.