செஞ்சி மதிலின் பழஞ்சான்று
(மாகறலில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சேயாற்றங்கரையில், திருஞானசம்பந்தர் பாடிய கோயிலின் நிழலில் வாழ்வோர்க்குப் பழமை புதிதன்று. ஆயினும் உத்தரமேரூர், வந்தவாசி கடந்து செஞ்சிக்குச் செல்வோர், மூன்று மலைகளை ஒரே வளைப்பில் பிணைத்த மதிலைக் கண்டு மலைத்துத் திரும்புகின்றனரேயன்றி, அதன் வரலாற்றைக் கேட்டுத் திரும்புவதில்லை.

2025-ஆம் ஆண்டில் யுனெசுகோ அமைப்பு செஞ்சியை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. மகிழத்தக்க செய்தியே. ஆனால் சேர்த்த பெயர் யாது? மராட்டியரின் படைநிலங்கள் என்பது! அத்தொகுதியின் 12 கோட்டைகளுள் 11 மராட்டிய மாநிலத்தன. எஞ்சிய ஒன்று செஞ்சி. சிவாசி இதனைக் கைக்கொண்டது 1677-இல். ஏறத்தாழ எட்டாண்டு முற்றுகைக்குப் பின் முகலாயப் படைத்தலைவன் சுல்பிகார்கான் இதனைப் பற்றியது 1698-இல். ஆக, மராட்டியர் ஆண்டது 21 ஆண்டு. அவர்கள் அரணை வலுப்படுத்தியது மெய். அதை மறைப்பது அறமன்று. இன்று காணும் கட்டடங்களுட் பெரும்பகுதி அவர்களுக்கு முற்பட்ட நாயக்கர் காலத்தது என்பதும் மெய்.

அதற்கும் முன்னர்? விடை ஒரு தமிழ் நூலில் உள்ளது. ஒட்டக்கூத்தர் பாடிய விக்கிரமசோழன் உலாவில், மன்னனுடன் வரும் தலைவர்களுள் ஒருவன் செஞ்சியை ஆண்ட காடவன். அவனைச் சொல்லுமிடத்து அவ்வூரின் காவல்மிக்க மதிலையும் புலவர் சொல்கிறார். விக்கிரமசோழன் 1118-இல் அரியணை ஏறியவன். சிவாசிக்கு ஐந்நூறாண்டுக்கு முன்பே செஞ்சி, மதில் சூழ்ந்த ஊர்! காடவரோ காஞ்சியாண்ட பல்லவரின் வழியினர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டவர், மாகறலார்க்கு அயலாரல்லர்.

மக்கள் நாவிலோ தேசிங்கின் பெயரே நிற்கிறது. அவன் வடபுலத்துப் புந்தேலர் குடியினன். 1714-இல் ஆர்க்காட்டு நவாபுடன் பொருது மாண்டான். ஓராண்டும் நிறையாத ஆட்சி. எனினும் அவன் மறத்தைத் தமிழர் கதையாக்கிப் பாடினர். வந்தவனின் வீரத்தையும் போற்றும் உள்ளம் பெரிதே. காடவனுக்குத்தான் பாட்டில்லை.

செஞ்சியைக் காண்போர் சொற்களையும் உடன்கொண்டு செல்க. மதிலுக்கு இஞ்சி என்றும், மதிலின் உட்புற மேடைக்குப் பதணம் என்றும், மதிலுறுப்புக்கு ஞாயில் என்றும் தமிழில் பெயருண்டு. இராசகிரியின் உச்சியை அடையுமுன் ஆழ்ந்த பாறைப் பிளவொன்று குறுக்கிடும். அதன்மேல் இட்ட பாலத்தை எடுத்துவிட்டால் பகைவர் அப்பால் ஏறவியலாது. அவ்விடத்தில் சற்றே நின்று, உலாவின் அப்பகுதியை உடன்வரும் சிறுவர்க்கு உரக்கப் படித்துக் காட்டுக.