கவிழ்ந்த வண்டியை உடனே எடைக்குப் போடாதீங்க!

(கூட்டேரிப்பட்டு தெருமுனைக் கூட்டத்தில் பேசியது)

டிராக்டரோ ஜீப்போ கவிழ்ந்தா, "ஓட்டுனவன் தப்பு"ன்னு நாமளே முடிச்சுடுறோம். வண்டியிலயே குறை இருந்தா?

2017-ல நடந்த ஒரு மோதல்ல கிரெட்டா காரோட ஏர்பேக் திறக்கல. ஹூண்டாய் நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2022-ல தோத்துச்சு. இழப்பீடும் தரணும், காரையும் மாத்தித் தரணும்னு தீர்ப்பு.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளால அடிபட்டா தயாரிச்ச கம்பெனி மேலயே வழக்கு போடலாம். 2 வருஷத்துக்குள்ள விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகணும். வக்கீலுக்கு வசதியில்லையா? 15100-க்கு போன் போடுங்க. இலவச சட்ட உதவி கேளுங்க.

இன்ஜினியரிங் படிச்சவனா ஒண்ணு சொல்றேன்: பழுது பாக்குறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க. பில், சர்வீஸ் ரசீது, ஆஸ்பத்திரி சீட்டு எல்லாம் பத்திரம். உடைஞ்ச பாகம்தான் நம்ம சாட்சி!